புது அறையும் பழைய மூச்சும்

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் உறவினர் ஒருவர் தம் கைபேசியை எங்களிடம் நீட்டுவது அண்மைக் காலத்தில் வழக்கமாகிவிட்டது. "அப்பாவுக்காக ரூமையே மாத்திட்டோம் டாக்டர், பாருங்க" என்பார். படத்தில் ஓர் அறை இருக்கும். கூரையில் ஃபால்ஸ் சீலிங், அதன் விளிம்பில் மறைவிளக்கு, ஒரு சுவர் முழுவதும் பளபளக்கும் அலமாரி, எதிர்ச் சுவரில் ஒட்டுத்தாள், மூலையில் ஏ.சி. அந்தப் படத்தைக் காட்டும்போது அவர் முகத்தில் தெரியும் பெருமிதத்தை நாங்கள் மதிக்கிறோம். பெற்றவர் மருத்துவமனையில் கிடந்த பத்து நாட்களில், அலுவலகத்துக்கும் வார்டுக்கும் இடையே ஓடிக்கொண்டே, கடனோ சீட்டுப் பணமோ எடுத்து ஒரு பிள்ளை செய்திருக்கும் காரியம் அது. குறை சொல்ல நா எழுவதில்லை. எழாமல் போனதன் விளைவைத்தான் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருட்டாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. மூச்சிரைப்பு முற்றிச் சேர்க்கப்பட்டு, தேறி, வீடு திரும்பினார். ஒன்பதாம் நாள் இரவில் மறுபடியும் அவசரப் பிரிவுக்கு வந்தார். அவர் மருந்தை விட்டிருக்கவில்லை. இன்ஹேலரைச் சரியாகவே இழுத்திருந்தார். புகைப்பதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உடன் வந்த மருமகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த ரூமுக்குள்ள போனாலே எங்களுக்கே கண்ணு எரியுது டாக்டர். மாமா ரெண்டு நாளா வராண்டாவுலதான் படுத்தாரு. வெளியில இருந்தா மூச்சு பரவால்லன்னாரு."

அந்த அறைதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல எங்களால் இயலாது. ஒரு சளிக்காய்ச்சல் கிருமியும் அதே வேலையைச் செய்யக்கூடும். ஆனால் வராண்டாவில் எளிதாகவும் அறைக்குள் கடினமாகவும் ஒருவருக்கு மூச்சு வருகிறதென்றால், அதைக் கேட்டும் கேளாமல் இருப்பது மருத்துவருக்கு அழகன்று. முதல் முறை வீட்டுக்கு அனுப்பியபோது நாங்கள் எழுதிக்கொடுத்த தாளில் 'தூசி, புகை தவிர்க்கவும்' என்ற மூன்று சொற்கள் இருந்தன. அவருடைய மகன் கைபேசியில் காட்டிய அறையைப் பார்த்து நாங்கள் "நல்லா இருக்கு" என்றும் சொல்லியிருந்தோம்.

புதிய அறையின் மணம் என்று நாம் ரசிப்பது பெரும்பாலும் பசையும் வண்ணமும் காற்றில் கலப்பதன் மணமே. பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, துகள்பலகை ஆகிய மூன்றும் மரத்தைப் பசையால் ஒட்டிச் செய்யப்படுபவை. அந்தப் பசைகளில் பலவும் பார்மால்டிஹைடு கலந்தவை. அறைக்குள் மாட்டிய பிறகும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், பலகை அந்த வாயுவைச் சிறுகச் சிறுக வெளியிடும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் அது கூடுதலாக வெளிவரும். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெப்பமும் ஈரப்பதமும்தானே. கண் எரிச்சல், தொண்டை அரிப்பு, இருமல், மூச்சுக்குழல் இறுக்கம் ஆகியவை அதன் உடனடி விளைவுகள். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அதைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. ஓர் அலமாரியால் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று நாங்கள் கருதவும் இல்லை. நாங்கள் கவலைப்படுவது இன்றிரவு வரக்கூடிய மூச்சிரைப்பைப் பற்றியே.

ஆரோக்கியமான நுரையீரலுக்கு இது ஓர் அசௌகரியம். ஏற்கெனவே பாதி அடைபட்ட நுரையீரலுக்கு அது வேறு. கூடவே அறையைப் பாருங்கள்: அலமாரி பெரிதாக வேண்டும் என்பதற்காகச் சன்னலின் பாதி மறைக்கப்பட்டிருக்கும்; ஏ.சி. குளிர் வீணாகக் கூடாதென்று மீதிப் பாதி மூடப்பட்டிருக்கும். நாம் சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. இதை அறியாதவர் நம்மில் ஏராளம். ஆக, பலகை வெளியிடுவதும் வண்ணம் வெளியிடுவதும் நோயாளி வெளியிடுவதும் அதே அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

நோயாளியின் அறையில் காற்று வெளிக்காற்றைப் போலத் தூயதாக இருக்க வேண்டும், அதே வேளையில் அவருக்குக் குளிர் ஏறவும் கூடாது என்பதே செவிலியப் பணியின் முதல் விதி என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார். நம் பகுதியில் அந்த விதியை அப்படியே கடைப்பிடிக்க முடியாது என்பதையும் நாங்கள் அறிவோம். வெளிக்காற்று தூயதாக இருந்தால் அல்லவா? கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரி போகிறது. ஆலைப் பகுதியின் புழுதி மாடிப்படியில் விரல் வைத்தால் தெரிகிறது. மார்கழி, தை மாதங்களின் விடியலில் பனியோடு புகையும் தரையை ஒட்டியே தங்குகிறது. போகியன்று சொல்லவே வேண்டாம். எனவே 'எப்போதும் சன்னலைத் திறந்து வையுங்கள்' என்று நாங்கள் சொல்வதில்லை. சாலையை நோக்கிய சன்னலைச் சாத்தி, கொல்லைப்புறச் சன்னலைத் திறவுங்கள். பனிக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் திறவுங்கள் என்கிறோம். அப்படித் திறக்க ஒரு சன்னல் இருக்க வேண்டும். அதை அலமாரி விழுங்கியிருக்கக் கூடாது.

வேலை நடக்கும்போது எழும் தூசி தனிக் கதை. பழைய வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், பட்டி பூசித் தேய்ப்பதும் மாவு போன்ற நுண்தூளை வீடெங்கும் பரப்பும். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நோயாளி இருந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். போதாது, கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் அத்தூள் வரும். பழைய வீடுகளில் இன்னொன்றும் உண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, சன்னல், கம்பிகளில் அடிக்கப்பட்ட எண்ணெய் வண்ணங்களில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுரண்டும் நாளில் தாத்தா மட்டுமல்லர், தவழும் பேரக்குழந்தையும் அவ்வீட்டில் இருக்கக் கூடாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும்.

கல்நார் ஓட்டைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று நாம் அழைப்பதுதான் அது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, மீஞ்சூர்ப் பக்கங்களில் மாடியறை, சமையற்கட்டு, வாடகைக்கு விடும் வரிசை வீடுகள் எனப் பலவற்றுக்கும் அதுவே கூரை. மலிவானது, துருப்பிடிக்காது. ஆனால் கல்நாரின் எல்லா வகைகளுமே புற்றுநோய் விளைவிப்பவை. உலகில் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் ஓடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. உடையாமல், துளையிடப்படாமல், தலைக்கு மேலே சும்மா இருக்கும் ஓட்டால் வரும் தீங்கு குறைவே. அபாயம் எப்போது தொடங்குகிறதென்றால், அந்த அறையை அழகுபடுத்த யாராவது வரும்போது. ஃபால்ஸ் சீலிங்கைத் தொங்கவிட ஓட்டைத் துளைப்பார்கள்; ஏ.சி. குழாய்க்கு வழி வேண்டி வெட்டுவார்கள்; கான்கிரீட் போட முடிவானால் சுத்தியலால் அடித்து நொறுக்கி, துண்டுகளைத் தெருமுனைப் பள்ளத்தில் கொட்டி மேடாக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்கிவிடும். நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரக்கூடியது. இன்று உடைப்பவருக்கு இருமல்கூட வராது. அதனால்தான் இதில் எவரும் அச்சம் கொள்வதில்லை. ஓட்டை அகற்றியே ஆக வேண்டுமென்றால், நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழு ஓடாக இறக்குங்கள். உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நோயாளியும் குழந்தைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வேலை செய்பவர் வாய்க்குக் கைக்குட்டை கட்டுவது ஒன்றுக்கும் உதவாது. என்95 வகைக்குக் குறையாத முகக்கவசத்தை வாங்கிக் கொடுங்கள். கல்நார் அகற்றுவோருக்கு மேலைநாடுகளில் கட்டாயப்படுத்தப்பட்டிருப்பது அதனினும் உயர்ந்த பாதுகாப்பு.

வேலை செய்பவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கிரானைட் கல்லையும் டைலையும் வாசலில் வைத்து அறுக்கும் இளைஞரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக அமர்ந்திருப்பார். அந்த வெண்தூளில் சிலிக்கா இருக்கிறது. சிலிக்கோசிஸ் என்னும் நோய்க்கு இன்றுவரை முழுத் தீர்வு தரும் மருந்து இல்லை. காசநோய் எளிதில் தொற்றவும் அது வழிவிடும். சமையல் மேடைக்கு இப்போது விரும்பப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா இன்னும் மிகுதி. அதை அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நுரையீரல் கெட்டுப்போனதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அத்தகைய பலகையையே தடை செய்தது. நம் வாசலில் அறுக்கும் இளைஞர் நாளை எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவார். அப்போது அவரிடம் பணமும் இராது, பணி ஆவணமும் இராது. அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்வதற்கு ஒரு காசும் செலவில்லை. வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறோம், கேட்டார்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் பெருமழை கொட்டியபோது எங்கள் நோயாளிகள் பலரின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நீர் வடிந்த பின் அச்சுவர்களில் தங்கிய ஈரக்கறையை மறைக்கவே சிலர் ஒட்டுத்தாளையும் பி.வி.சி. பலகையையும் நாடினார்கள். கறை மறைந்தது, ஈரம் மறையவில்லை. பலகைக்குப் பின்னால், ஒளியும் காற்றும் படாத இடத்தில், பூஞ்சை செழித்து வளரும். ஆஸ்துமா உள்ளவருக்குப் பூஞ்சை வித்துகள் நோயை மூட்டிவிடும். சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை நுரையீரலில் ஒவ்வாமை நோயையே தோற்றுவிக்கும். சுவர் உலர்ந்து, கசிவு அடைபட்ட பிறகே எதையும் ஒட்டுங்கள். நம் முன்னோர் பொங்கலுக்கு முன் அடித்த சுண்ணாம்பு எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பார்க்கிறோம். பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு இப்பக்கத்துச் சுவர்களுக்கெல்லாம் பூசப்பட்டது. காரத்தன்மையால் பூஞ்சை அதில் எளிதில் பற்றாது. சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறும். பழையதெல்லாம் பொன் என்று வாதிட நாங்கள் வரவில்லை. அந்த வீடுகளில் விறகடுப்புப் புகையில் வாழ்நாளெல்லாம் வெந்த பெண்களின் நுரையீரலையும் நாங்கள்தான் பார்க்கிறோம். ஆயினும் திண்ணையை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியபோது, மூச்சிரைப்பு உள்ள முதியவர் சாய்ந்து உட்கார்ந்து, தெருவில் போவோர் வருவோரிடம் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்த ஓர் இடத்தை இழந்தோம் என்பது உண்மை.

உள்வடிவமைப்பாளர்களைப் பழிக்கும் கட்டுரையாக இது முடிந்துவிடக் கூடாது. எங்களுக்குப் பாடம் கற்பித்ததும் அத்துறையைச் சேர்ந்த ஒருவரே. பொன்னேரிப் பக்கத்து நோயாளி ஒருவரின் வீட்டு வேலையை ஏற்ற இளம்பெண் அவர். நோயாளியின் மகளோடு புறநோயாளிப் பிரிவுக்கே வந்தார். வண்ணம், வடிவம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. "ஐயா நிக்காம எத்தனை அடி நடப்பாங்க?" என்று கேட்டார். நாங்கள் சற்றே திகைத்தோம். ஆறு நிமிட நடைச் சோதனையை அவருக்குச் செய்திருக்கிறோம்; மீட்டர் கணக்கு எங்களிடம் இருக்கிறது; ஆனால் அதை அவர் வீட்டின் அளவோடு எங்களில் எவரும் பொருத்திப் பார்த்ததில்லை. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு இருபத்தெட்டு அடி என்றார் அந்தப் பெண். ஐயாவால் பதினைந்து அடிக்கு மேல் நில்லாமல் நடக்க இயலாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வழியின் நடுவில், சுவரை ஒட்டி, கைப்பிடி வைத்த ஓர் உறுதியான நாற்காலியை வைத்தார். அதைச் சுற்றி ஒரு பொருளும் இல்லை. அவ்வளவே. அந்த நாற்காலி வந்த பிறகு ஐயா இரவில் யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய்வந்தார். படுக்கையருகே வைத்திருந்த சிறுநீர்க் கலத்தை அவரே எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னாராம். எங்கள் மருந்துச் சீட்டு எதுவும் அவருக்குத் தராத ஒன்றை அந்த நாற்காலி தந்தது.

இத்தகைய சிந்தனை புதியதன்று. பின்லாந்தில் பைமியோ என்னுமிடத்தில் 1933இல் கட்டி முடிக்கப்பட்ட காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த அல்வார் ஆல்டோ, நோயாளி நிற்பவர் அல்லர், படுத்திருப்பவர் என்பதிலிருந்து தொடங்கினார். படுத்திருப்பவருக்குக் கூரைதான் சுவர். ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை நிறம் கொடுத்தார். விளக்கு நேராகக் கண்ணில் படாதவாறு வைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் உறக்கம் கெடாதபடி, நீர் விழும் ஓசை எழாத கைகழுவும் தொட்டியை உருவாக்கினார். அங்குள்ள நாற்காலியின் சாய்வுகூட மூச்சுவிட எளிதாக இருக்கும்படி அமைந்தது. நம் ஊரிலும் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் காற்றையும் வெயிலையும் நம்பியே எழுந்தது; மருத்துவமனையின் பெயர் மாறிய பிறகும் ரயில் நிலையம் அந்தப் பெயரை இன்னும் சுமக்கிறது.

இங்கே எங்கள் கருத்துக்கு எதிராகவே ஒரு சான்றைச் சொல்லியாக வேண்டும். 1956இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் மையம், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி, ஒரு துணிந்த சோதனையைச் செய்தது. காசநோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியினரை அவர்களுடைய நெரிசல் மிகுந்த, வறிய வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்கவைத்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். வீட்டார்க்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சோதனை ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் அறை முக்கியமில்லை என்றுதானே பொருள்? காசநோயைப் பொறுத்தவரை, ஆம். மாத்திரையை ஆறு மாதம் தவறாமல் உட்கொள்வதுதான் அங்கே உயிர். அறைக்குச் செலவழிக்கும் பணத்தை முட்டைக்கும் பருப்புக்கும் செலவழியுங்கள் என்றே காசநோயாளியின் குடும்பத்துக்குச் சொல்வோம். ஆனால் சிஓபிடியையும் ஆஸ்துமாவையும் ஆறு மாத மாத்திரை முடித்துவைப்பதில்லை. அந்த நோயாளி எஞ்சிய நாளெல்லாம் எந்தக் காற்றில் இருக்கிறாரோ அந்தக் காற்றும் அவர் மருந்தில் ஒரு பகுதி.

சட்டம் இதில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. 'இன்டீரியர் டிசைனர்' என்ற பெயருக்கு அத்தகைய காவல் இல்லை. முறையாகப் படித்துத் தேர்ந்தவரும் அதே பலகையைத்தான் மாட்டுகிறார். நேற்றுவரை பலகை விற்றவரும் அதே பலகையைத்தான் மாட்டுகிறார். ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு உங்களுடையது. பலகை எந்த வகை, பார்மால்டிஹைடு குறைவாக வெளியிடும் ஈ-1 அல்லது ஈ-0 தரத்ததா என்று கேளுங்கள். பலகையின் வெட்டிய விளிம்புகளை எல்லாப் பக்கமும் மூடி ஒட்டுவார்களா என்று கேளுங்கள். வாயு பெரும்பாலும் அந்த விளிம்புகள் வழியே வருகிறது. சமையலறைப் புகைபோக்கியின் குழாய் வெளிச்சுவரைத் துளைத்து வெளியே போகிறதா, அல்லது புகையை வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும் குழாயற்ற வகையா என்று கேளுங்கள். இரண்டாவதைவிட முந்நூறு அடி கனமுள்ள பழைய எக்ஸாஸ்ட் விசிறி மேலானது என்று எங்கள் துறையில் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். அளவை விடுங்கள், கருத்து சரியே. எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்த அறையில் மூச்சிரைப்பு உள்ளவர் படுக்கப்போகிறார்" என்று முதல் நாளே சொல்லுங்கள். சொன்னதும் அவர் படத்தை மடக்கிவிட்டு உங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினால், நல்ல ஆள் கிடைத்தார் என்று கொள்ளுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் காற்றை இழுக்க வேண்டும். அதை அழகுக்காக அலமாரிக்குள் மறைத்து வைத்த ஒரு வீட்டில் அது சூடேறி நின்றுபோனது. சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடியாவது தள்ளி வையுங்கள். அதற்கென்று தனி மின்செருகி அமைக்கச் சொல்லுங்கள். நீட்டிப்புப் பெட்டியில் ஃபிரிட்ஜோடு சேர்த்துச் செருகாதீர்கள். பூசை அலமாரியை நோயாளியின் அறையிலேயே அமைத்துத் தருமாறு கேட்போர் உண்டு. கட்டிலில் இருந்தபடியே கும்பிட வேண்டும் என்ற ஆசையை நாங்கள் அறிவோம். கண்ணெதிரே படத்தை மாட்டுங்கள். ஆனால் ஆக்சிஜன் ஓடும் அறையில் அகல்விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. எரியும் எதையும் பன்மடங்கு வேகமாக எரியவைக்கும். பத்தடி தொலைவுக்குள் நெருப்பே வேண்டாம்.

பணம் குறைவாக இருப்பவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பணம் குறைவாக இருப்பதே பல வேளைகளில் நல்லதாகிவிடுகிறது. கையில் பத்தாயிரம் ரூபாய்தான் என்றால், கழிப்பறையில் உறுதியாகப் பதித்த இரண்டு கைப்பிடிகள், உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, வழுக்காத தரை, சமையலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, சன்னலுக்குக் கொசுவலை. அன்றாடம் எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். குனிவதும் கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் அவர் மூச்சை வாங்கிவிடும். திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். எங்கள் நோயாளிகளால் அப்படிப் படுக்க இயலாது. தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்தே உறங்குவார்கள். தலைமாடு உயரும் கட்டில் கிடைக்காவிட்டால், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம். பெரிய வேலையாகச் செய்வதென்று முடிவெடுத்தால், நோயாளி திரும்பும் நாளுக்கு முன் ஒரு மாதமாவது அறை வெறுமையாக, கதவும் சன்னலும் திறந்து, விசிறி சுழன்றபடி காய வேண்டும். அதற்குக் காலம் இல்லையென்றால் இப்போது தொடாதீர்கள். பழைய அறையே போதும்; அதன் காற்றை அவர் நுரையீரல் அறியும்.

எங்கள் பங்குக்கு, வீட்டுக்கு அனுப்பும் தாளில் இருந்த அந்த மூன்று சொற்களை நாங்கள் மாற்றத் தொடங்கியிருக்கிறோம். எங்கு படுப்பார், அந்த அறைக்கு எத்தனை சன்னல், அண்மையில் வண்ணம் அடித்தீர்களா, கழிப்பறை எத்தனை அடி என்று கேட்டு எழுதுகிறோம். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. வெளியே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறோம். அறையின் படத்தைக் கைபேசியில் கொண்டுவாருங்கள்; இம்முறை "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பமாட்டோம்.

உருட்டாலைப் பெரியவரின் மகன் முதலில் வருந்தினார், பிறகு சற்றுக் கோபித்தார். செலவழித்தவருக்குக் கோபம் வராதா? இரண்டு வாரம் கழித்துத் தச்சரை அழைத்து, சன்னலை மறைத்திருந்த அலமாரிப் பகுதியைக் கழற்றிக் கூடத்துக்கு மாற்றினார். அதுவரை பெரியவர் வராண்டாவிலேயே கொசுவலைக்குள் உறங்கினார். சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது கைபேசியை இம்முறை பெரியவரே நீட்டினார். அவரே எடுத்த படமாம். அலமாரியும் தெரியவில்லை, மறைவிளக்கும் தெரியவில்லை. படம் முழுவதும் கொல்லைப்புறத்து வேப்பமரம். அதனடியில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு வெள்ளாடு, சன்னல் கம்பிக்குள் வாயை நுழைத்துத் திரைச்சீலையைத் தின்றுகொண்டிருந்தது.